சோளமும் நம்முடையது, எஞ்சினும் நம்முடையது

(பாடாலூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருச்சியிலிருந்து சென்னைக்கு விரையும் பெருஞ்சாலை இந்தப் பாடாலூரைத் தொட்டுக்கொண்டு போகிறது. சாலையோரம் பெட்ரோல் பங்க். சற்றே உள்ளே சென்றால் மக்காச்சோளக் கொல்லை. இரண்டுக்கும் என்ன உறவு என்று முன்பு எவரேனும் கேட்டிருந்தால், 'கொல்லைக்குப் போகிற வண்டிக்குப் பெட்ரோல் வேண்டும், அவ்வளவுதான்' என்று விடையிறுத்திருப்போம். இன்று அந்த உறவு சம்பந்தி உறவாகவே முற்றிவிட்டது! கொல்லையிலே விளைந்த சோளம் ஆலைக்குச் செல்கிறது; அங்கே எரிசாராயமாகிறது; எத்தனால் என்று பெயர் சூட்டிக்கொள்கிறது; பெட்ரோலோடு கலந்து நம் வண்டிக்குள் குடிபுகுகிறது. நூறு பங்கிலே இருபது பங்கு அது.

இந்தச் சம்பந்தமே கூடாது என்று கூற நான் வரவில்லை. பெண் கொடுத்த வீட்டாரை ஒரு வார்த்தை கேட்டீர்களா, அதைத்தான் கேட்க வந்திருக்கிறேன்.

பெட்ரோலில் எரிசாராயம் கலப்பது புதுக்கதை அல்ல. 1948-லேயே அதற்கென்று ஒரு சட்டம் இயற்றினார்கள். அந்தச் சட்டம் ஏட்டிலே நெடுநாள் உறங்கி, 2000-இல் நீக்கப்பட்டது. 2003-இல் தமிழகம் உள்ளிட்ட சில மாநிலங்களில் 5 விழுக்காடு கலக்கத் தொடங்கினர். 2022 ஜூனில் 10 விழுக்காட்டை எட்டினர். 20 விழுக்காட்டுக்கு 2030 என்று குறித்திருந்த கெடுவை 2025-26க்கு இழுத்து, 2025-இலேயே எட்டியும் விட்டனர். முதல் பத்துக்குப் பத்தொன்பது ஆண்டுகள். அடுத்த பத்துக்கு மூன்றே ஆண்டுகள்! டில்லியிலே கெடுவை மாற்றிவிடலாம், தோழர்களே. நம் வீட்டுத் திண்ணையோரம் நிற்கும் பழைய மொபெட்டின் ரப்பர்க் குழாயை யார் மாற்றுவது? இருபதைத் தாங்கும் பொருள்களால் வண்டிகளைச் செய்யவேண்டும் என்பதே 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வாங்கிய வண்டிகளை எவரும் ஆற்றிலே தள்ளிவிடவில்லையே!

கணக்கைப் பார்ப்போம். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். எனினும் இந்தக் கணக்குக்குப் பட்டம் தேவையில்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள வெப்பம், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்குதான். வெப்பம் குறைந்தால் ஓட்டமும் குறையும். இதை நான் இட்டுக்கட்டவில்லை. 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே எழுதி வைத்திருக்கிறது: பெட்ரோலுக்கென்று வடிவமைத்து 10 விழுக்காட்டுக்குச் சரிசெய்த கார்களிலே, 20 விழுக்காட்டுக் கலவை ஊற்றினால், எரிபொருள் திறன் 6 முதல் 7 விழுக்காடு குறையும், அத்தகைய இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 விழுக்காடு குறையும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடிய வண்டி, ஒன்றரை முதல் இரண்டு கிலோமீட்டர் முன்னதாகவே நின்றுவிடும். சீமான் வீட்டுக் காருக்கு அது தூசு. செட்டிகுளம் சந்தைக்குச் சின்ன வெங்காய மூட்டையை மொபெட்டிலே ஏற்றிச் செல்பவருக்கு?

வண்டியாவது நாள்தோறும் ஓடுகிறது. பட்டத்துக்குப் பட்டம் மட்டும் ஓடும் சிறு எஞ்சின்களின் கதையைக் கேளுங்கள். 2018-இல் படைப்புழு தமிழகத்துச் சோளக் கொல்லைகளிலே புகுந்த நாள்தொட்டு, மருந்தடிக்கும் மெஷின் ஏறாத தோள் இந்தப் பக்கத்தில் அரிது. நாடகம் எழுதிப் பழகிய கை எனக்கு; ஒரு காட்சியாகவே சொல்லிவிடுகிறேன். இடம்: மெக்கானிக் பட்டறை. வருபவர்: ஒரு பெரியவர்.

'தம்பி, போன பட்டத்திலே நன்றாக ஓடிய மெஷின். இன்று கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம்.'

'டாங்கியிலே பெட்ரோலை வடிக்காமல் மூலையிலே வைத்துவிட்டீர்களா, பெரியப்பா?'

'காசு கொடுத்து வாங்கியதை மண்ணிலா கொட்டுவார்கள்?'

'இதோ, கார்புரேட்டரைப் பாருங்கள். உள்ளே அழுக்குப் படிந்து துளை அடைத்துக்கொண்டது. ரப்பர்த் தகடும் விறைத்துவிட்டது. மாற்றித்தான் ஆகவேண்டும்.'

'யாரப்பா செய்த வேலை இது?'

'உங்கள் கொல்லைச் சோளமாகவும் இருக்கலாம், பெரியப்பா!'

சிரிக்கிறீர்கள். காரணத்தையும் கேளுங்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. மூடி தளர்ந்த டாங்கியிலே நெடுநாள் கிடந்தால் ஈரம் சேரும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியிலே தங்கும். எஞ்சினுக்குப் போகும் குழாயோ அந்த அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது! டூ-ஸ்ட்ரோக் மெஷினுக்கு இன்னும் ஆபத்து. பெட்ரோலோடு கலந்த எண்ணெய் மேலே நின்றுவிடும்; அடியில் தங்கியதில் வழுவழுப்பு இராது; பிஸ்டன் தேயும். பழைய ரப்பரும் எத்தனால் பட்டால் ஊதும், பிறகு வெடிக்கும்.

அரசின் வாதத்தையும் எடுத்துரைப்பதே முறை. 2014-15 தொடங்கி 2025 ஜூலை வரை 1 இலட்சத்து 44 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி மிச்சம் என்கிறது பெட்ரோலியத் துறை. நல்லது. எண்ணெய்க்கு வெளிநாட்டானிடம் கையேந்தும் நிலை குறைவதை வேண்டாமென்பவன் எவன்? உழவனுக்கு வாழ்வு என்கிறார்கள். அதிலும் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. சோளத்திலிருந்து எடுக்கும் எத்தனாலுக்கு எண்ணெய் நிறுவனங்கள் லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு தருகின்றன. அந்த விலை உறுதி. சோளத்துக்கு 2025-26இல் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டால் 2,400 ரூபாய் என்றார்கள். அதே 2025 நவம்பரில் கருநாடகத்திலே குவிண்டால் 2,000 ரூபாய்க்கும் கீழே போய், உழவர்கள் தெருவுக்கு வந்தனர். ஆலையின் வாசலுக்கு வந்த உறுதி, களத்துமேட்டுக்கு வரவில்லையே!

பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர்ப் பாகங்களை மாற்ற நேரிடலாம். செலவு சொற்பம், வழக்கமான சர்வீசிலேயே முடிந்துவிடும் என்றும் அதே துறை 2025 ஆகஸ்டில் விளக்கம் தந்தது. சொற்பம் என்பதை யார் பையை வைத்து அளந்தார்கள்? கலப்புப் பெட்ரோலின் விலை குறைவாக இருக்கவேண்டும், குறைந்த ஓட்டத்துக்கு அதுவே ஈடு என்று நிதி ஆயோக் பரிந்துரைத்ததே, அது என்ன ஆயிற்று? அன்று எத்தனால் மலிவு, இன்று சுத்திகரித்த பெட்ரோலைவிட விலை கூடிவிட்டது என்கிறது துறை. ஆக, ஓட்டமும் குறைந்தது, விலையும் குறையவில்லை!

எத்தனால் கலவாத பெட்ரோலும் கிடைக்கவேண்டும், கலப்பு அளவைப் பங்கிலே எழுதி வைக்கவேண்டும் என்று ஒருவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 2025 செப்டம்பர் 1-இல் மனு தள்ளுபடியாயிற்று. நீதிமன்றக் கதவு மூடியது. மக்கள் மன்றம் மூடவில்லை.

பிற நாடுகளைப் பாருங்கள். பிரேசில் 2025 ஆகஸ்டில் 30 விழுக்காட்டுக்கே போய்விட்டது. ஆனால் அங்கே எந்தக் கலவையையும் ஏற்கும் கார்கள் 2003 முதலே ஓடுகின்றன. பங்கிலே தனி எத்தனாலுக்கு ஒரு விலை, கலப்புப் பெட்ரோலுக்கு ஒரு விலை. எத்தனால் விலை மற்றதில் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் அதை ஊற்றுவது இலாபம் என்று ஓட்டுநர் கணக்கிடுகிறார். கணக்கிட அவருக்கு இடம் இருக்கிறது! பிரிட்டன் 2021 செப்டம்பரில் 10 விழுக்காட்டுக்கு மாறியபோது, பழைய வண்டிகளுக்காக 5 விழுக்காட்டுப் பெட்ரோலையும் பெரிய பங்குகளில் வைத்தது. அமெரிக்காவில் 15 விழுக்காட்டுக் குழாய்மேலேயே சீட்டு ஒட்டியிருக்கிறது: மோட்டார் சைக்கிளில், படகில், சிறு எஞ்சினில் ஊற்றாதே என்று. பதினைந்துக்கே அங்கே எச்சரிக்கை. இருபதுக்கு இங்கே மௌனம்.

இங்கேயும் எத்தனால் கலவாதது என்று விற்கும் உயர்ரக 100 ஆக்டேன் பெட்ரோல் உண்டு. பெருநகரங்களிலே, சில பங்குகளிலே, சாதாரணப் பெட்ரோலைவிட மிக அதிக விலையிலே! பந்தயக் கார்காரர் தேடிப் போய் வாங்குவார். மருந்தடிப்பவர் அதைத் தேடிப் பெருநகரத்துக்கா போவார்?

நாம் கேட்பவை பெரிய வரங்கள் அல்ல. ஒவ்வொரு குழாயிலும் கலப்பு அளவைத் தமிழிலே எழுதுங்கள். குறைந்த ஓட்டத்துக்கு ஏற்ப விலையைக் குறையுங்கள். பழைய வண்டிக்கும் பண்ணை எஞ்சினுக்கும் கலப்பில்லாத பெட்ரோலையோ, குறைந்த கலப்புள்ளதையோ, வட்டத்துக்கு ஒரு பங்கிலாவது நியாய விலையில் வையுங்கள்.

அதுவரை, பட்டம் முடிந்ததும் மெஷினின் டாங்கியை வடித்து, அந்தப் பெட்ரோலை உடனே ஓடும் வண்டியில் ஊற்றுங்கள். டூ-ஸ்ட்ரோக் மெஷினில் வடித்தது எண்ணெய் கலந்தது, அதை டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கே ஊற்றுங்கள். பிறகு, கார்புரேட்டரிலே மிஞ்சியது தீர்ந்து தானே நிற்கும்வரை மெஷினை ஓடவிடுங்கள்.

மனு மேடைக்கு அருகே மேசைமீது இருக்கிறது. கையெழுத்திடும் தோழர்கள், தங்கள் வண்டியும் எஞ்சினும் எந்த ஆண்டில் வாங்கியவை என்பதையும் பக்கத்திலே குறிப்பிடுங்கள். மற்ற ஊர்க் கிளைத் தோழர்களும் இவ்வாறே திரட்டி அனுப்புக.