உதட்டுக்குள் ஒரு பொட்டலம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஒவ்வொரு வீட்டுக்கும் இன்றைய தகவல்.

தேயிலைப் பை மாதிரி ஒரு சின்னப் பொட்டலம். உள்ளே புகையிலை. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொண்டால் புகை வராது. வாடையும் தெரியாது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவன் வாயில் அது இருப்பது ஆசிரியர் கண்ணுக்கே படாது. கூல் லிப் என்று விற்பது இதைத்தான்.

2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைக் கையில் எடுத்தது. புதுக்கோட்டையும் அந்தக் கிளையின் எல்லைக்குள்தான் வருகிறது. பள்ளிப் பிள்ளைகளிடம் இது பரவுவதைக் கண்ட நீதிமன்றம், நாடு முழுவதும் ஏன் தடை செய்யக்கூடாது என்று கேட்டது. தமிழ்நாட்டில் தடை உண்டு. ஆனால் வெளி மாநிலங்களிலிருந்து வந்துவிடுகிறது.

பொட்டலம் சின்னது. கெடுதல் பெரிது. நிகோடின் வாயின் மெல்லிய தோல் வழியே ரத்தத்தில் கலக்கிறது. வளரும் மூளை சீக்கிரம் அதற்கு அடிமையாகிறது. ஈறு புண்ணாகிறது. வாய்ப்புற்றுநோய்க்கும் இந்தப் புகையிலை வழி வகுக்கிறது.

பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விற்றால் புகார் கொடுக்கலாம்.

வீட்டில் கவனியுங்கள். பிள்ளை காரமான குழம்பை ஒதுக்குகிறானா? உதட்டின் உட்புறம் வெளுத்திருக்கிறதா?

அப்படித் தெரிந்தால் அடிக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். போதை மீட்பு உதவி எண் 14446. கட்டணம் கிடையாது. மறுபடியும்: ஒன்று, நான்கு, நான்கு, நான்கு, ஆறு.