நடுக்கமும் அடக்கமும்: சென்னை மூளை அறுவை வரலாற்றில் ஒரு பகுதி



1960களின் இறுதியில் சென்னை மருத்துவர்கள் தம் அறுவை முறையொன்றுக்கு ‘அமைதியூட்டும் நரம்பியல் அறுவை’ என்னும் பொருள்படப் பெயரிட்டனர். யாருக்கு அமைதி என்பதை அப்பெயர் சொல்லவில்லை. கவிஞர்கள் நின்று கேட்க வேண்டிய இடம் அது.

1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். பின்னர் வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி. எஸ். கனகா ஆகியோர் அவருடன் இணைந்தனர். ஆசியாவின் முதற் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களுள் ஒருவர் கனகா.

இவர்கள் மேற்கொண்டது கட்டியை அகற்றும் அறுவை மட்டுமன்று. தலையில் உலோகச் சட்டம் பொருத்தி, எக்ஸ்ரே படத்தில் கோணமும் ஆழமும் கணித்து, சிறு துளை வழியே மூளையின் ஆழத்தில் ஒரு புள்ளியை அடைந்து, அதனை அழித்தனர். பார்க்கின்சன் நோயாளி அப்போது விழித்திருப்பார். கையை நீட்டச் சொல்வார்கள். நடுக்கம் நின்றதா என்பதற்கு அவர் கையே சாட்சி! லெவோடோபா மருந்து வந்தபின் அவ்வறுவை உலகெங்கும் அருகியது.

மற்றொரு வகையினருக்கு அத்தகைய சாட்சியம் இல்லை. கட்டுக்கடங்காச் சினமும் ஓயாத துள்ளலும் உடையோர் அவர்கள், பலர் சிறுவர். வாதுமைக் கொட்டை வடிவிலான அமிக்டலாவை மூளையின் இருபுறமும் அழிக்கும் முறை தோக்கியோவின் நரபயாசி காட்டிய வழி. ஹைப்போதலாமஸ் அறுவை அந்நகரத்துச் சானோ வகுத்தது. இராமமூர்த்தி 1988இல் வெளியிட்ட கணக்கில் இவ்விரண்டும் சேர்ந்து 603. அமிக்டலா அறுவை 481, ஹைப்போதலாமஸ் அறுவை 122. பலனை மதிப்பிட்டோர், நோயாளி பிறரோடு கலந்து பழகுகிறாரா, மருந்தின்றி அடங்கியிருக்கிறாரா என்று பார்த்தனர். அவை பார்ப்பவர் பக்கத்து அளவுகள். அடங்கிய பிள்ளைக்கு உள்ளே என்ன நேர்ந்தது என்பதற்கு அவ்வளவுகோலில் இடமில்லை.

இதைக் கொடுமை என்று ஒரு சொல்லில் முடிப்பது எளிது; நேர்மையன்று. தன்னையே கடித்துக்கொள்ளும் மகனைப் பூட்டிவைப்பதன்றி வேறு வழியறியாத தாய், மருத்துவமனைப் படியேறியது ஏதேனும் செய்யுங்கள் என்று கேட்கத்தான்.

கனகாவின் பெயர் மற்றொரு திருப்பத்தோடும் சேர்ந்தது. 1975இல் மூளைக்குள் மின்முனையை நிலையாகப் பதித்தார். இந்தியாவில் அதனை முதலில் செய்தவர் அவரே என்பர். மின்தூண்டலை வேண்டும்போது நிறுத்தலாம். அழித்த திசுவோ திரும்பாது.

மனநோய்க்கான மூளை அறுவைக்கு நோயாளியின் ஒப்புதலும் வாரியத்தின் அனுமதியும் வேண்டும் என்றது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். அது நடைமுறைக்கு வந்த 2018ஆம் ஆண்டிலேயே கனகா மறைந்தார்.