லிலாங்வேயின் பதிவேடு



இந்த ஆண்டுப் பொழிவுக்கு எடுத்துக்கொண்ட பொருள், வெளிநாட்டு நிதியில் எச்.ஐ.வி. சிகிச்சை நடத்தும் நாடுகளுக்குக் கிடைக்கும் தொழில்நுட்ப உதவி. கேட்பதற்கு அலுவலகக் கோப்பின் தலைப்புப் போல இருக்கும். ஆனால் ஒரு கர்ப்பிணி இன்றைக்கே மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாளா, மூன்று மாதம் கழித்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பப்படுவாளா என்பதை அந்தக் கோப்புதான் முடிவு செய்கிறது. ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் உள்ள மலாவி நாடு இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறது.

பணம் வந்தது, கைகள் இல்லை

2000ஆம் ஆண்டு வாக்கில் எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்கு ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் செலவானது. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் அதே மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பிடம் சொன்னது. நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. ஏழை நாடுகளுக்கு இந்தச் சிகிச்சை கட்டாது என்ற வாதம் அத்துடன் நிலைகுலைந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில், எய்ட்ஸ், காசநோய், மலேரியா மூன்றுக்கும் பணம் திரட்டித் தரும் உலகளாவிய நிதியம் ஜெனீவாவில் பிறந்தது. 2003இல் அமெரிக்கா தன் பங்குக்குப் பெப்ஃபார் என்ற பெரிய திட்டத்தை அறிவித்தது.

உலகளாவிய நிதியம் பணம் தரும் அமைப்பு மட்டுமே. எந்த நாட்டிலும் அதற்குக் கிளை அலுவலகம் கிடையாது. விண்ணப்பத்தை நாட்டின் ஒருங்கிணைப்புக் குழு எழுத வேண்டும். வல்லுநர் குழு அதைச் சலித்துப் பார்க்கும். பணத்தை வாங்கிச் செலவிட ஒரு முதன்மைப் பெறுநர் வேண்டும். செலவைச் சரிபார்க்க உள்ளூரிலேயே ஒரு தணிக்கை முகவர் இருப்பார். தவணைக்குத் தவணை கணக்கும் முன்னேற்றமும் காட்டினால்தான் அடுத்த தொகை வரும். ஆளே இல்லாத சுகாதாரத் துறைகளுக்கு இது பெரும் பாரம். அதனால் அறிவுரைக்கென்றே தனி நிதிகள் தோன்றின. ஜெர்மனி 2002இல் ஒரு திட்டம் தொடங்கியது. ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு 2005 முதல் வட்டாரந்தோறும் தொழில்நுட்ப உதவி மையங்களை அமைத்தது. உலகளாவிய நிதியத்துக்குத் தான் தரும் தொகையில் நூற்றுக்கு ஐந்து பங்கை இந்த உதவிக்கென்று பிரான்ஸ் 2011இல் ஒதுக்கியது.

இந்த ஏற்பாடுகளில் வரும் ஆலோசகர்களில் பலர் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வருவார்கள். சில வாரங்களில் விமானம் ஏறிவிடுவார்கள். விண்ணப்பம் நன்றாகவே இருக்கும். அதை நடத்த வேண்டியவர் அதை எழுதாதவர்.

அட்டை, பதிவேடு, மூன்று மாதம்

2004இல் மலாவியின் மக்கள்தொகை ஏறத்தாழ 1.2 கோடி. 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு எச்.ஐ.வி. தொற்று. மருத்துவரோ லட்சம் பேருக்கு இரண்டு பேர் அளவில்தான். அந்த ஆண்டில் அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியது. தலைநகர் லிலாங்வேயில் சுகாதார அமைச்சகத்தின் எச்.ஐ.வி. பிரிவில் அமர்ந்து அதற்குத் துணை நின்றவர்களில் ஒருவர் ஆங்கிலேய மருத்துவர் ஆந்தனி ஹாரிஸ். அதற்கு முன்பே மலாவியின் தேசியக் காசநோய்த் திட்டத்துக்குப் பல ஆண்டுகள் ஆலோசகராக இருந்தவர். நாடு அவருக்குப் பழகியிருந்தது. நாட்டுக்கும் அவர் பழகியிருந்தார்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எச்.ஐ.வி. சிகிச்சை என்றால் வல்லுநர் ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக மருந்து தேர்ந்தெடுப்பார். ரத்தப் பரிசோதனைகள் அடுக்கடுக்காக நடக்கும். மலாவி காசநோய்த் திட்டத்தின் முறையை எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் ஒரே முதல்நிலை மருந்து, மூன்று மருந்துகள் ஒரே மாத்திரையில். நோயாளிக்கு ஓர் அட்டை. மையத்துக்கு ஒரு பதிவேடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டல். எத்தனை பேர் உயிரோடு மருந்து சாப்பிடுகிறார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் வராமல் நின்றுவிட்டார்கள், எத்தனை பேர் வேறு மையத்துக்கு மாறினார்கள்: இந்த நான்கு எண்ணும் தெரிந்தால் திட்டம் எங்கே நிற்கிறது என்று தெரியும். மருந்தைத் தொடங்குபவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. மூன்றாண்டுப் பயிற்சி பெற்ற கிளினிக்கல் ஆபீசரே தொடங்கலாம் என்றும் விதி வகுக்கப்பட்டது.

மருந்துக் கொள்முதல் யுனிசெஃப் வழியாக நடந்தது. மாதம் எத்தனை புதிய நோயாளிகளைச் சேர்க்கலாம் என்று ஒவ்வொரு மையத்துக்கும் அதன் சுமைக்கேற்ப உச்சவரம்பு வைத்தார்கள். ஆள் சேர்ந்தபின் மருந்து தீர்ந்துபோனால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும் என்ற அச்சமே காரணம். அதனால் சிலர் வரிசையில் காத்திருக்க நேர்ந்தது. தொடங்கியவர்களுக்கோ மருந்து நிற்கவில்லை.

காலாண்டுக்கு ஒருமுறை அமைச்சகத்தினரும் துணை நிறுவனத்தாரும் சேர்ந்து குழுகுழுவாக எல்லா மையங்களுக்கும் நேரில் போனார்கள். அட்டையைப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள், மாத்திரையை எண்ணினார்கள், தப்பை அங்கேயே திருத்தினார்கள். வேலை சுத்தமாக இருந்த மையத்துக்குப் பாராட்டுச் சான்றிதழ் தந்தார்கள். பயிலரங்கில் சொல்லித்தந்தது மறந்துபோகலாம். மூன்று மாதத்தில் மறுபடி வருவார்கள் என்பது மறக்காது. 2005 முடிவில் 60 அரசுத் துறை மையங்களில் 37,000க்கும் மேற்பட்டோர் சிகிச்சை தொடங்கியிருந்தனர். 2010 முடிவில் மருந்து சாப்பிடுவோர் ஏறத்தாழ இரண்டரை லட்சம்.

சம்பளம் என்ற தொழில்நுட்பம்

பதிவேட்டை எழுத ஆள் வேண்டும். மலாவியின் செவிலியர்கள் பிரிட்டனுக்கும் தனியார் அமைப்புகளுக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. 2004இல் பிரிட்டிஷ் அரசும் உலகளாவிய நிதியமும் கைகொடுக்க, மலாவி அவசரகால மனிதவளத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 11 வகைப் பணியாளர்களுக்குச் சம்பளத்தில் 52 விழுக்காடு கூட்டிக் கொடுத்தது. பயிற்சிக் கல்லூரிகளில் இடங்களைப் பெருக்கியது. ஊழியர் சம்பளத்தை நன்கொடையாளர் கொடுப்பது அந்நாளில் பெரும்பாலும் விலக்கப்பட்ட செயல். 2004இல் 5,453 ஆக இருந்த அந்தப் பணியாளர் எண்ணிக்கை 2009இல் 8,369 ஆனது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, அந்தப் பணத்தில் சம்பளம் பெற்ற ஊழியர்கள் பல நாடுகளில் வேலையிழந்தனர். அந்த உதவியை வழங்கிவந்த யு.எஸ்.எய்ட் அமைப்பே ஜூலை 1 அன்று மூடப்பட்டது. சம்பளத்தை அரசின் சொந்தப் பட்டியலுக்கு மாற்றும் கால அட்டவணை முதல் நாள் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும் என்று வற்புறுத்த இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

சேத்துப்பட்டின் கடன்

மலாவி கடன் வாங்கிய காசநோய் முறைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அது சென்னையில் இருக்கிறது.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தலைமை ஏற்றார். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி இந்த ஊரின் கேள்வி: சானடோரியத்தில் எல்லோருக்கும் படுக்கை இல்லை, குடிசையில் இருந்தபடி, இருக்கிற சோற்றைச் சாப்பிட்டபடி மாத்திரை போட்டால் குணமாகுமா? 1959இல் விடை வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தார்கள். வீட்டாருக்குத் தொற்றும் கூடுதலாகப் பரவவில்லை.

அந்த விடையின் மேல்தான் உலகம் முழுவதும் வெளிநோயாளியாகவே காசநோயைக் குணப்படுத்தும் திட்டங்கள் எழுந்தன. டச்சு மருத்துவர் கேரல் ஸ்டிப்லோ பதிவேடும் காலாண்டுக் கணக்குமாகத் தான்சானியாவில் கட்டிய முறை 1984இல் மலாவிக்கு வந்தது. அங்கேதான் ஹாரிஸ் அதைப் பயன்படுத்தினார், பிறகு எச்.ஐ.வி.க்கு எடுத்துச் சென்றார்.

விதியை மீறிய நாடு

2010இல் உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்கு இரண்டு வழிகளைச் சொன்னது. எந்த வழியானாலும், வாழ்நாள் மருந்து யாருக்கு வேண்டும் என்று பிரித்தறிய சி.டி.4 என்ற ரத்தப் பரிசோதனை தேவை. மலாவியின் பெரும்பாலான சுகாதார நிலையங்களில் அந்தக் கருவி இல்லை. ஒரு பெண் சராசரியாக ஐந்துக்கு மேல் பிள்ளை பெறும் நாடு அது. பிள்ளைக்குப் பிள்ளை மருந்தைத் தொடங்கி நிறுத்துவதும் அபத்தம். கருவிக்காகக் காத்திருந்தால் குழந்தைகள் தொற்றோடு பிறந்துகொண்டே இருக்கும்.

மலாவியின் எச்.ஐ.வி. பிரிவு தானாக ஒரு முடிவெடுத்தது. தொற்று இருக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சி.டி.4 எண்ணிக்கை எதுவானாலும் உடனே மருந்து, வாழ்நாள் முழுக்க. 2011இல் இது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய காலாண்டில் மருந்து தொடங்கிய கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் 1,257 பேர். 2012இன் மூன்றாம் காலாண்டில் 10,663 பேர்.

குறையும் அதே பதிவேட்டில்தான் தெரிந்தது. ஆறு மாதத்தில் நூற்றுக்குப் பதினேழு பெண்கள் திரும்பி வரவில்லை. நோய் முற்றிச் சிகிச்சைக்கு வந்த பெண்களை ஒப்பிட்டால், கர்ப்பத்தில் மருந்து தொடங்கியவர்கள் முதல் நாளுக்குப் பின் ஒருபோதும் வராமல் போகும் வாய்ப்பு ஐந்து மடங்கு. தொற்று என்று கேட்ட அன்றே வாழ்நாள் மருந்தையும் கையில் கொடுத்தால் ஒரு பெண் அதைத் தாங்கிக்கொள்ள அவகாசம் வேண்டும் என்பதை அந்த எண்கள் சொல்லின. எண்ணாத திட்டமாக இருந்திருந்தால் வெற்றி மட்டுமே வெளியே தெரிந்திருக்கும்.

2013 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டியை மாற்றி மலாவியின் வழியைப் பரிந்துரைத்தது. ஆலோசனை பெற்ற நாடு ஆலோசனை சொன்ன இடத்துக்குப் பாடம் அனுப்பியது. அமைச்சகத்துக்குள் உட்கார்ந்து, அமைச்சகத்தின் கணக்கைப் பார்த்து, அமைச்சகத்தின் முடிவுக்கு உட்பட்டு வேலை செய்யும் ஆலோசகர்கள் இருந்ததால்தான் அது கைகூடியது. நிதி தருவோர் பேணி வளர்க்க வேண்டியது இந்த வகை உதவியை.

2014 ஜனவரி 1 முதல் இந்தியாவும் அதே விதிக்கு வந்தது. அன்று தொடங்கி, தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்பப்படும் கர்ப்பிணிக்கு சி.டி.4 முடிவு எதுவானாலும் வாழ்நாள் மருந்து உண்டு. 1959இல் சேத்துப்பட்டிலிருந்து புறப்பட்டது, தான்சானியா, மலாவி, ஜெனீவா சுற்றி, ஒரு மாத்திரைப் புட்டியாக அவள் கைக்கு வந்து சேர்ந்தது.