பெண்ணை நர்சிங்கில் சேர்க்கும் முன்னால்...

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு கேள்வி. உங்களில் எத்தனை பேருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் ஆனது? கை தூக்குங்க பார்ப்போம். அடேயப்பா, பாதிப் பேருக்கு மேலே! அந்த நேரத்தில் பிள்ளையைக் கையில் வாங்கியது யார்? "நர்சம்மாதான்" என்று நீங்களே சொல்றீங்க. 24 மணி நேர சுகாதார நிலையங்களில் செவிலியர்கள் முறை வைத்து இரவும் பகலும் பிரசவம் பார்க்கிறார்கள். நர்ஸ் என்றால் டாக்டர் சொன்ன ஊசியைப் போடுகிறவர் மட்டும் இல்லை. அதற்கு மேலே பெரிய பொறுப்புகள் இருக்கு. அந்தப் பொறுப்புக்குத் தகுந்த படிப்பும் வேண்டும். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்த கதை

என் அக்கா உங்களைப் போல ஒரு குழு உறுப்பினர்தான். மகள் பிளஸ் டூ முடித்ததும், பக்கத்து டவுனில் "ஒரு வருட நர்சிங் டிப்ளமோ, நூறு சதவீத வேலை" என்று போர்டு போட்டிருந்த இடத்தில் சேர்த்துவிட்டாள். குழுவில் 40,000 ரூபாய் கடன் வாங்கிக் கட்டினாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை, அது என் தப்பு.

வருஷம் முடிந்து சர்டிபிகேட்டோடு வந்தாள். "கவுன்சில் பதிவு எண் எங்கேம்மா?" என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஒரு சின்ன மருத்துவமனையில் வேலை கிடைத்தது. நர்ஸ் உடுப்பைக் கொடுத்து, உதவியாளர் சம்பளம் கொடுத்தார்கள். ஊசியும் போடச் சொன்னார்கள். ஏதாவது ஆகியிருந்தால் நோயாளியின் கதி என்ன, இவள் கதி என்ன? அக்காவோ இரண்டு வருஷம் ஆடு வளர்த்துக் கடனை அடைத்தாள்.

உதவியாளர் படிப்பு தப்பில்லை. ஆனால் அதை நர்ஸ் படிப்பு என்று சொல்லி விற்பது ஏமாற்று வேலை.

எது நர்ஸ் படிப்பு?

சகோதரிகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் படிப்பு 2 வருடம். நம் ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியர் இந்த வழியில் வந்தவர். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கும், மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு.

ஜி.என்.எம். டிப்ளமோ 3 வருடம். பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம். இதற்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். இந்த இரண்டில் எதைப் படித்தாலும் ஸ்டாஃப் நர்ஸ் ஆகலாம். ஜி.என்.எம். முடித்தவர் மேலும் 2 வருடம் படித்தால் பி.எஸ்சி. பட்டமும் வாங்கலாம்.

அதற்கு மேலே நர்ஸ் பிராக்டிஷனர்

இந்தப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். 1965-இல் அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும், ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து இந்தப் பயிற்சியைத் தொடங்கினார்கள். ஃபோர்டு அம்மா கிராமங்களில் வேலை செய்தவர். டாக்டர் கிடைக்காத ஊர்களில் பிள்ளைகளைப் பரிசோதித்து, சாதாரண நோய்க்குத் தானே வைத்தியம் பார்த்து, கடினமானதை டாக்டரிடம் அனுப்புகிற அளவுக்கு நர்ஸுகளைத் தயார் செய்யலாம் என்று நினைத்தார். முதலில் எதிர்ப்பு வந்தது. இன்று அங்கே பல மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர், டாக்டர் மேற்பார்வை இல்லாமலே மருந்து எழுதலாம். அந்த அம்மா 104 வயது வரை வாழ்ந்து 2025-இல் காலமானார்.

நம் நாட்டிலும் இது வந்திருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு 2 வருடம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து வேலை அனுபவம் உள்ளவர்கள், ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டே படிப்பது. மற்றொன்று பேறுகாலத்துக்கானது. 2018-இல் மத்திய அரசு மருத்துவச்சி சேவைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. முடித்து, குறைந்தது 2 வருடம் பிரசவம் பார்த்த அனுபவம் இருந்தால் 18 மாதப் பயிற்சி. கர்ப்ப காலப் பரிசோதனை, சுகப்பிரசவம், தாய்ப்பால், குழந்தை கவனிப்பு எல்லாம் இவர்கள் பொறுப்பு. ரத்தப்போக்கு, ரத்தக்கொதிப்பு, வலிப்பு மாதிரி ஆபத்து அறிகுறி தெரிந்தால் உடனே டாக்டரிடம் ஒப்படைப்பார்கள். ஆபரேஷன் செய்ய மாட்டார்கள். தனியாகக் கிளினிக் வைக்கும் படிப்பும் இது இல்லை. சுகப்பிரசவத்தை இவர்கள் பார்த்துக்கொண்டால், சிக்கலான கேஸுக்கு டாக்டர் முழு நேரமும் கிடைப்பார். லாபம் நமக்குத்தான்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

1. கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இந்த வருஷம் இருக்கிறதா? எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். "விண்ணப்பித்திருக்கிறோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.
2. முடித்தபின் மாநில கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா? பதிவு இல்லாதவர் நர்ஸ் ஆக முடியாது.
3. பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரி? எத்தனை படுக்கை? நோயாளியைத் தொடாமல் நர்சிங் படிக்க முடியாது.
4. அரசு இடத்துக்கு விண்ணப்பித்தீர்களா? அரசு மருத்துவக் கல்லூரிகளோடு செவிலியர் பள்ளிகள் இருக்கின்றன. பி.எஸ்சி.க்கு அரசு கலந்தாய்வு நடக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் தனியாருக்குப் போகலாம்.

குழுத் தலைவிகளுக்கும் ஒரு வேண்டுகோள். படிப்புக் கடன் மனு வந்தால், மாட்டுக் கடனுக்கு மாட்டைப் பார்க்கிற மாதிரி, அங்கீகாரக் கடிதத்தைப் பார்த்துவிட்டுத் தீர்மானம் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் சுகாதார நிலைய நர்ஸிடம் கேளுங்கள், கூச்சப்படாதீங்க.

என் அக்கா மகள் கதையை முடிக்கவில்லையே! மூன்று வருஷம் வீணான பிறகு, அங்கீகாரம் உள்ள பள்ளியில் மறுபடி முதல் வருஷத்திலிருந்து ஜி.என்.எம். படித்தாள். இப்போது பிரசவ வார்டில் வேலை. "சித்தி, அந்த 18 மாதப் பயிற்சிக்குப் போகட்டுமா?" என்று போன வாரம் கேட்டாள். "போம்மா, ஆனா முதல்ல அங்கீகாரக் கடிதத்தைப் பாரு" என்றேன். "அதைப் பார்த்துட்டுத்தான் சித்தி உங்ககிட்ட கேட்கிறேன்" என்றாள்.