உடைந்த சுரூபத்தை என்ன செய்வது?



நம் கோவிலில் விரலின்றி நிற்கும் தேவமாதா சுரூபத்தைப் பற்றிப் பேசும்படி எங்களைப் பணித்திருக்கிறார்கள். சப்பரத்தில் ஏற்றும்போது அது தவறி விழுந்ததை யாவரும் அறிவீர்கள். யூபிலிக்கு முன்பாகச் சிமெண்டில் விரல் வைத்து, எனாமல் வர்ணம் பூசிவிடலாம் என்று பலர் சொன்னார்கள். நாங்களும் தலையாட்டினோம். உரோமையில் நடந்ததை வாசித்த பிறகுதான் கை பின்வாங்கியது.

1972 மே 21, பரிசுத்த ஆவி திருநாள். புனித இராயப்பர் பேராலயத்தில், மைக்கேல் ஆஞ்சலோ 1499-ல் செதுக்கி முடித்த வியாகுல மாதா சுரூபத்தின்மேல் ஒருவன் பாய்ந்து, சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்தான். மாதாவின் இடது கை முழங்கையோடு முறிந்தது. மூக்கும் கண்ணிமையும் சிதறின. காயத்தோடே விட்டுவிடுங்கள், இக்காலத்தின் வன்முறைக்கு அது சாட்சியாய் இருக்கட்டும் என்றார்கள் சிலர். ஒட்டிய இடம் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்றார்கள் வேறு சிலர். வத்திக்கான் காட்சிசாலைகளின் தலைவர் ரெடிக் தெ காம்போஸ் முழுமையாகச் சீர்செய்வதென்றே முடிவு செய்தார். மாதாவின் முகத்தில் தழும்பைப் பார்த்துக்கொண்டு செபிக்க யாருக்கு மனம் வரும்? அவர் செய்தது சரியென்றே எங்களுக்குப் படுகிறது.

ஆனால் அவசரப்படவில்லை. சிதறிய துணுக்குகளையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தார்கள். முன்பே எடுத்து வைத்திருந்த சுதை அச்சை எதிரில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொருத்தினார்கள். இல்லாத இடத்தைச் சலவைக்கல் தூளும் பிசினும் கலந்து நிரப்பினார்கள். 1973 மார்ச்சில்தான் மக்கள் மீண்டும் பார்த்தார்கள், கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நின்று.

நம் தருமபுரி கருங்கல் சீமை. நம் அருங்காட்சியகத்து நடுகற்கள் பல நூற்றாண்டு வெயில் மழையைத் தாங்கியவை. சலவைக்கல்லோ சுண்ணாம்பு இனம். புளிப்புப் பட்டால் கரையும். குத்துவிளக்கைப் பளபளக்கச் செய்யும் நம் ஊர்ப் புளியே சுரூபத்தின் மெருகைத் தின்றுவிடும். சென்ற திருநாளுக்குப் புளி போட்டுத் தேய்த்தவர்களில் நாங்களும் உண்டு! சிமெண்டிலுள்ள உப்பு கல்லுக்குள் இறங்கிப் பொரியச் செய்யும். உள்ளே வைக்கும் இரும்புக் கம்பி துருவேறிப் பருத்துக் கல்லைப் பிளக்கும். எனாமல் ஈரத்தை வெளியே விடாது.

ஆகவே இப்போதைக்கு மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொண்டோம். மெழுகுவர்த்தித் தட்டையும் தள்ளி வைத்துவிட்டோம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் இதற்கென்றே இரசாயனக்கூடம் இருக்கிறது. அங்கே யோசனை கேட்டு எழுதப்போகிறோம்.

ஒரு வேண்டுகோள். உரோமையிலும் கூட்டத்தில் சிலர் துணுக்குகளை எடுத்துச் சென்றார்கள். சில பிறகு திரும்பி வந்தன. நம் மாதாவின் இரண்டு விரல்களும் விழுந்த அன்றே காணாமற்போயின. பக்தியாய்க் கொண்டுபோய் வீட்டில் வைத்திருப்பார்கள் என்று எண்ணுகிறோம். அசல் விரல் கிடைத்தால் புது விரல் செய்ய வேண்டியதில்லை. சாமியார் வீட்டுத் திண்ணையில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. துண்டைக் கழுவாமல், பஞ்சில் சுற்றி அதில் போட்டுவிடுங்கள். யார் போட்டது என்று கேட்கமாட்டோம்.