பாரிசவாயுவுக்குப் பின் வாழ்வு



பாரிசவாயு கண்ட ஒருவர் பிழைத்து வீடு திரும்பிய பின் அவர் வாழ்வு எவ்வாறு நடைபெறவேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். உயிர் தப்பியதே போதும் என்று நாம் எண்ணிவிடுகின்றோம். தப்பிய உயிர் மதிப்போடு வாழவேண்டாமா?

மூளையின் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ இந்நோய் உண்டாகின்றது. பேச்சுக்குரிய ஸ்தானம் பெரும்பாலோர்க்கு மூளையின் இடப்பாகத்தில் உள்ளதென்பதைப் புரோக்கா என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1861ஆம் ஆண்டு முதலாக எடுத்துக் காட்டினார். அவ்விடம் பழுதுற்றால் சொல் தடைப்படும். ஆயினும் அறிவு அழிந்ததென்று கொள்ளலாகாது. பிறர் பேசுவதை நன்கு உணர்ந்தும் பதில் சொல்லமாட்டாது தவிப்போர் பலர். அத்தகையவர் முன்னிலையிலேயே, "இவருக்கு ஒன்றும் தெரியாது" என்று வந்தவரிடம் கூறுதல் கொடுமையன்றோ?

லூயி பாஸ்டர் என்னும் பேரறிஞருக்கு 1868ல், தமது 45ஆம் வயதில், இடப்பக்கம் விழுந்துவிட்டது. அவர் பிழையார் எனக் கருதி, அவருக்கென எழும்பிவந்த ஆராய்ச்சிச்சாலையின் வேலையை அதிகாரிகள் நிறுத்திவிட்டனர். அதையறிந்து அவர் பெரிதும் மனம் நொந்தார். பின்னர் மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தியின் கட்டளையால் வேலை மீண்டும் தொடங்கிற்று. இடக்கையும் காலும் முற்றும் குணமாகாமலே அவர் உழைத்து, 1885ல் வெறிநாய்க்கடிக்கு ஊசி மருந்து கண்டு உலகைக் காத்தார்.

நிற்க. நம் இல்லங்களில், நோயுற்ற பெரியவரிடமிருந்து சாவிக்கொத்தையும் கணக்குப் புத்தகத்தையும் வாங்கிக்கொள்வதும், பெண்ணின் கலியாணத்தை அவரைக் கேளாமலே பேசி முடிப்பதும், அந்தக் கட்டட வேலையை நிறுத்தியதற்கு ஒப்பானவையே. இந்நோய் கண்டவர்களுள் ஏறக்குறைய மூவரில் ஒருவரை மனச்சோர்வு பற்றுகின்றது. அது பிடிவாதமும் அன்று, சோம்பலும் அன்று; வைத்தியத்தால் தீரத்தக்கது.

முதற்சில மாதங்களில் குணம் விரைவாகத் தெரியும். பின்னரும் இடைவிடாப் பயிற்சியால் சிறிது சிறிதாக முன்னேறலாம். சட்டை அணிய அரைமணி நேரமாயினும் அவரே அணியட்டும், நாம் பொறுத்திருப்போம். தளர்ந்த கையைப் பிடித்திழுத்துத் தூக்கலாகாது, தோள்மூட்டு நழுவக்கூடும். இரத்த அழுத்தத்திற்கான மருந்தை வைத்தியரைக் கேளாது நிறுத்துதல் மீண்டும் ஆபத்தை அழைப்பதாகும்.

இரவுபகல் பணிவிடை செய்யும் மனைவிக்கோ மருமகளுக்கோ ஓய்வு வேண்டுமென்பதை நாம் மறந்துவிடுகின்றோம். வாரத்தில் ஒருநாளேனும் பிள்ளைகளும் சகோதரர்களும் அப்பொறுப்பை ஏற்கவேண்டும்.

அன்பர்களே! நோயாளியைக் காணச் செல்லும்போது பழங்களோடு திரும்பிவிடாமல், ஒரு காரியத்தில் அவர் யோசனையையும் கேளுங்கள். பதில் வரத் தாமதமாகும், காத்திருங்கள். அதனினும் சிறந்த மருந்தை நம்மால் கொடுக்க இயலாது.