டி.எம்.சி. கணக்கில் உப்பையும் எழுதுவோம்



பவானியும் நொய்யலும் காவிரியில் சேரும் கொங்கு நாட்டில் கூடியிருக்கிறோம். பாசன நீரின் பங்கீட்டையும் தரத்தையும் ஒரே அரங்கில் பேசப்போகிறோம் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அரசுக் கோப்புகளில் இவை இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. மதகைத் திறப்பவர்கள் ஒரு துறை. கழிவைக் கண்காணிப்பவர்கள் இன்னொரு வாரியம்.

பங்கீட்டில் நமக்கு அனுபவம் குறைவில்லை. 1955இல் முடிந்த பவானிசாகர் அணையை நம்பிக் கீழ்பவானியில் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உண்டு. ஒற்றைப்படை மதகுகள் ஒரு பருவம், இரட்டைப்படை மதகுகள் மறுபருவம், நன்செய்க்கு ஒரு முறை, புன்செய்க்கு ஒரு முறை என்று மாற்றி மாற்றித் தண்ணீர் விடும் ஏற்பாடு இன்றும் நடக்கிறது. காவிரியில் 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 404.25 டி.எம்.சி. என்று புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை வரையறுத்தது. அளவில் இத்தனை கறாராக இருக்கும் நாம், அந்தத் தண்ணீரில் என்ன கரைந்து வருகிறது என்பதைப் பங்கீட்டுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அதன் விளைவை ஒரத்துப்பாளையத்தில் பார்த்தோம். 1992இல் நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய அணை அது. திருப்பூர் சாயப்பட்டறைகளின் கழிவு வந்து தேங்கியது. அணையைத் திறந்துவிடாதீர்கள் என்று கீழே இருந்த விவசாயிகளே போராட வேண்டிய நிலை வந்தது. அணை நிறையத் தண்ணீர் இருந்தும் வயலுக்கு ஆகவில்லை. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான், கழிவுநீரை வெளியே விடாத பூஜ்ய வெளியேற்ற முறை கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. அதற்குள் கிணறுகளில் உப்பு இறங்கிவிட்டது.

உப்பு என்று பொதுவாகச் சொன்னால் அதன் கனம் புரியாது. ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் பாயும் தண்ணீர் சுமார் 12 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்பு இருந்தால், அந்தப் பாய்ச்சலில் மட்டும் ஏறத்தாழ இரண்டரை டன் உப்பு வயலில் இறங்குகிறது. பயிர் தண்ணீரை எடுத்துக்கொள்ளும். உப்பைப் பெரும்பாலும் மண்ணில் விட்டுவிடும். அதைக் கழுவி இறக்க நல்ல தண்ணீர் கூடுதலாக வேண்டும். சோடியம் மிகுந்து களிமண் இறுகிப்போனால் மழைநீர்கூட உள்ளே இறங்காது. ஆகவே தரம் கெட்ட நீரைப் பெறும் கடைமடைக்காரருக்குக் காகிதத்தில் உள்ள பங்கு முழுமையாக வந்தாலும், உண்மையில் அவருக்குக் கிடைப்பது குறைவு. கால்வாய் வராத ஆண்டில் அவர் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரையே பாய்ச்சுகிறார். அடுத்த முறைத் தண்ணீரின் பெரும்பகுதி அந்த உப்பைக் கழுவவே போய்விடுகிறது.

கீழ்பவானிக் கால்வாய்க்குக் கான்கிரீட் போடுவது பற்றிய சர்ச்சையையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கசிவை இழப்பு என்று எழுதுகிறோம். கரையோரக் கிணறுகளுக்கு நல்ல நீர் ஊறுவதே அந்தக் கசிவால்தான். கடைமடைக்குத் தண்ணீர் சேர வேண்டும் என்ற கோரிக்கையும் நியாயமானதே. எங்கே கசிவைத் தடுக்கலாம், எங்கே கூடாது என்பதைக் கிணற்று நீரின் உப்பளவை அளந்து பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

இங்கே கட்டுரை படிக்கவிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீர்வரத்தை எத்தனை கன அடி என்று சொல்லும் ஒவ்வோர் இடத்திலும் அதன் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறனையும் சேர்த்துச் சொல்லுங்கள். சட்டைப்பையில் அடங்கும் கருவியே அதை அளந்துவிடும். ஷட்டரைத் திறக்கும் லஸ்கர் தன் பதிவேட்டில் அந்த எண்ணையும் எழுதட்டும். தலைமடையிலும் கடைமடையிலும் எழுதட்டும். பாசன சபைகள் அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். இந்த ஏற்பாட்டை அரசுக்குப் பரிந்துரைக்கும் தீர்மானம் ஒன்று நிறைவு அமர்வில் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.